தாதியரும் தீர்மானிக்கும் உரிமையும்: மாரடைப்புச் சிகிச்சை வரலாற்றில் ஒரு கட்டம்

நவீன மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் கண்டுபிடிப்புகளாகவும் இயந்திரங்களின் வருகையாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. உயிராபத்தான நிலையிலுள்ள நோயாளரைப் பராமரிக்கும் முறை உருவானவாற்றை நோக்குமிடத்து, இப்பார்வை போதாதென்பது புலனாகும். 1960களில் மாரடைப்பு நோயாளருக்கென ஏற்பட்ட தனிப் பிரிவுகளில் தாதியர் பெற்ற பயிற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் வகுத்த முறைப்படி ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து நோயாளரின் நுரையீரலுக்குள் கையாற் காற்றைச் செலுத்தினர். படுக்கையருகே இடையறாது நிற்கும் மனித உழைப்பே உயிர்காக்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இருதயநோயைப் பொறுத்தவரை பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. துடிப்பின் ஒழுங்கு குலைந்து இருதயம் செயலிழக்கும்போது அதனை மீட்கும் வழிகள் 1960களின் தொடக்கத்திலேயே கைவசமிருந்தன. மார்பின் மேலாக மின்னதிர்ச்சி கொடுக்கும் முறையை 1956இல் போல் சோல் வெளியிட்டார். மார்பை அழுத்திக் குருதியோட்டத்தைப் பேணும் முறையை 1960இல் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் விளக்கினர். ஆயினும் சில நிமிடங்கள் கழிந்தால் மூளை பழுதடைந்துவிடும். நோயாளரோ பல விடுதிகளிற் சிதறிக் கிடந்தனர். வைத்தியர் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அருகில் நின்றவர் தாதியே. ஆனால் செயற்படும் உரிமை அவருக்கில்லை.

இந்நிலை தற்செயலானதன்று. 1860இல் இலண்டனில் நைற்றிங்கேல் தாதியர் பாடசாலை தொடங்கிய காலந்தொட்டு, அவதானித்தலும் அறிவித்தலும் பணித்ததைச் செய்தலும் தாதிக்கும், நோய் நிர்ணயமும் சிகிச்சையும் வைத்தியருக்கும் உரியனவாகக் கருதப்பட்டன. பெண்ணின் உழைப்பும் ஆணின் அதிகாரமும் என்ற சமூகப் பிரிவினையே இங்கு தொழிற் பிரிவினையாகத் தோற்றம் பெற்றது.

1961இல் டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு நோயாளரை ஓரிடத்தில் வைத்துக் கண்காணிக்க வேண்டுமெனவும், தாதியர் உட்பட ஊழியர் யாவரும் இருதயத்தை மீட்கப் பயிலவேண்டுமெனவும் எழுதினார். 1962இல் கன்சாஸ் நகரில் ஹியூஸ் டே அத்தகைய பிரிவொன்றை நிறுவினார். பிலடெல்பியாவில் லோறன்ஸ் மெல்ற்சரும் தாதி றோஸ் பினியோவும் பயிற்சியையே ஆய்வின் மையமாக்கினர். இ.சி.ஜி. வரைபை வாசித்தல், ஆபத்தின் முன்னறிகுறிகளை இனங்காணுதல், வைத்தியர் வருமுன்னரே மின்னதிர்ச்சி கொடுத்தல் என்பன தாதியரின் கடமைகளாயின. 1965இல் அவர்கள் தாதியருக்கெனவே ஒரு கைநூலை வெளியிட்டனர்.

1967இல் நியூயோர்க்கில் கிலிப், கிம்பல் ஆகியோர் 250 நோயாளர் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அதிர்ச்சிநிலை அடையாத நோயாளரிடையே இறப்புவீதம் 26இலிருந்து 7 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதனைத் தாதியரின் சாதனையென மட்டுங் கூறுதல் மிகையாகும். எனினும், செயற்படத் தகுதிபெற்ற கையின்றி இயந்திரம் எதனையும் சாதித்திராது.

இவ்வுரிமை வைத்தியர் முன்கூட்டி வகுத்த விதிகளுக்குட்பட்டே வழங்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அதிகாரம் பகிரப்பட்டதேயன்றி மாற்றப்படவில்லை. ஆயினும் அறிவைப் புகட்டிவிட்டு அதனைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்கும் பயிற்சி பயிற்சியாகாது என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.