ஓர் ஆறும் இரு நகரங்களும்

சென்ற திங்களில் எங்கள் தோட்டத்திற்கு நீர்வடிகட்டி விற்பவர் ஒருவர் வந்திருந்தார். லயத்துக் குழாயிற் பிடித்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும், தம் கருவியில் வடித்த நீரை மற்றொரு குவளையிலும் வைத்து, இரண்டிலும் மின்சாரக் கம்பிகளை இறக்கினார். சிறிது நேரத்தில் குழாய் நீர் துருநிறங்கொண்டு சேறுபோலக் கலங்கிற்று. மற்றது தெளிவாகவே நின்றது. கண்டோர் திடுக்கிட்டனர். பால்மரம் வெட்டும் தொழிலாளர் ஒருவர் என்னிடம் வந்து, "கிராணி ஐயா, இத்தனை நாளும் என் பிள்ளைகளுக்கு இந்த விஷத்தையா கொடுத்து வந்தேன்?" என்று கேட்டார். அவர் கையில் தவணைப் பத்திரம் இருந்தது. கருவியின் விலையோ அவருடைய இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல்.

"இன்று கையெழுத்திட வேண்டாம், நாளை பேசுவோம்" என்றேன். மறுநாள் அவருக்குச் சொன்ன சரித்திரத்தையே ஈண்டு அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனி தேசத்தில் எல்ப நதிக்கரையில் ஹம்பர்க், ஆல்தோனா என இரு நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆல்தோனா ஹம்பர்க்குடன் இணைக்கப்பட்டது. அதற்குமுன் இரண்டுக்கும் ஆட்சி வேறு, வரி வேறு, தண்ணீரும் வேறு. ஹம்பர்க் செல்வம் மிக்க துறைமுகம். 1842-இல் நிகழ்ந்த பெருந்தீயில் நகரின் ஒரு பகுதி அழிந்தபின், வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அந்நகருக்குப் புதிய குழாய் நீர்த்திட்டம் அமைத்தார். நகருக்கு மேற்புறத்தே ஆற்றுநீரை எடுத்து வடிகட்டாமலே வீடுகளுக்கு அனுப்பினர். குழாய்களுள் புழுக்களும் நத்தைகளும் விலாங்கு மீன்களும் குடியிருந்தன. அவற்றைப் பற்றி 1885-இல் கிரேப்பலின் என்னும் விலங்கியலறிஞர் ஒரு நூலே எழுதலானார் எனின், அந்நீரின் நிலையை என்னென்பது! கடலின் ஏற்றத்தின்போது நகரின் கழிவுநீரும் ஆற்றில் மேல்நோக்கித் தள்ளப்படும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆல்தோனாவோ ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தது. ஹம்பர்க்கின் சாக்கடை கலந்த நீரே அதற்குக் கிடைத்தது. ஆயினும் 1859 முதல் அந்நகரத்தார் அந்நீரை மணற்படுகைகளின் வழியே மெதுவாகக் கசியவிட்டுப் பின்னரே அருந்தினர். மணலின் மேற்பரப்பில் நாளடைவில் ஒரு வழுவழுப்பான படலம் உண்டாகும். கிருமிகளைப் பெரிதும் தடுத்து நிறுத்துவது அப்படலமே. ஹம்பர்க்கிலும் இத்தகைய மணற்படுகை வேண்டுமென்று பல்லாண்டுகள் விவாதம் நடந்தது. செலவு யார் தலையில் விழும் என்ற கணக்கிலேயே காலம் கழிந்தது. ஒருவாறு முடிவுசெய்து கட்டத் தொடங்கினர். வேலை முடியுமுன் வாந்திபேதி வந்துவிட்டது.

அது 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கடுங்கோடை, ஆற்றில் நீர் குறைந்திருந்தது. நோய் தோன்றியதை உடனே வெளியிட்டால் துறைமுக வாணிகம் கெடுமென்று அதிகாரிகள் தயங்கினர். அத்தயக்கத்தின் விலை மனித உயிர்களாயிற்று. ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றனர். 8,600 பேர் மாண்டனர். ஆயிரத்துக்குப் பதின்மூவர் என்று சொல்லலாம். ஆல்தோனாவிலோ ஆயிரத்துக்கு இருவரளவே மாண்டனர். அவர்களிலும் பலர் ஹம்பர்க்கில் நோயேற்றவர்கள். இரு நகரங்களுக்கும் எல்லையாயிருந்த தெருவில் ஒருபுறத்து வீடுகளில் சாவு. எதிர்ப்புறத்து வீடுகளில் சுகம். மண் ஒன்று, காற்று ஒன்று, மக்களும் ஒரே தரத்தினர். தண்ணீர் மட்டுமே வேறு.

பேதிக் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து நிலைநாட்டிய ராபர்ட் கோக் இத்தெருவையே தமக்குச் சாட்சியாக்கினார். மியூனிக் நகரத்துப் பேரறிஞர் பெட்டன்கோபர் அதை ஒப்பவில்லை. மண்ணின் நிலையே நோய்க்கு இன்றியமையாத காரணம் என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1892 அக்டோபரில் பேதிக் கிருமி செறிந்த நீரைத் தாமே குடித்தார்! சிறிது வயிற்றுப்போக்குடன் பிழைத்தும் கொண்டார். ஆனால் ஒருவர் பிழைத்தது எண்ணாயிரவர் மாண்டதற்கு மறுமொழியாகுமா?

ஏழைகள் மீதே சாவு மிகுதியாக விழுந்தது. வசதியுள்ள வீட்டில் நீரைக் காய்ச்ச அடுப்பும் ஆளும் இருந்தன; கூலிக்காரர் வீட்டில் இரண்டும் அருமை. அமெரிக்கா செல்லும் நோக்கத்துடன் ருஷ்யாவிலிருந்து துறைமுகத்துக்கு வந்து தங்கியிருந்த எளிய மக்கள்மேல் பழியும் போடப்பட்டது. நோயைக் கொண்டுவந்தவர் எவராயினும் ஆகுக. வீடுதோறும் அதைக் கொண்டு சேர்த்தது நகரசபையின் குழாயன்றோ?

1893 மே மாதத்தில் ஹம்பர்க்கின் மணற்படுகைகள் வேலை செய்யத் தொடங்கின. எனினும் அதற்குச் சில மாதங்களுக்குமுன், நல்ல பெயர் எடுத்த ஆல்தோனாவிலேயே குளிர்காலத்தில் மணற்படுகை உறைந்து பழுதாக, அங்கும் பேதி தலைகாட்டிற்று. வடிகட்டி வைத்திருத்தல் வேறு, அதைப் பேணுதல் வேறு. வடித்த நீரை நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்றும், ஒரு கன சென்டிமீட்டரில் கிருமிகள் நூற்றுக்கு மிகலாகாது என்றும் கோக் விதித்தார்.

வீட்டு வடிகட்டிகளும் அக்காலத்தனவே. பாஸ்டரின் உதவியாளர் சாம்பர்லாண்ட் 1884-இல் மெருகிடாத பீங்கான் குழலைச் செய்தார். செல்லே என்னும் ஊரினரான பெர்க்கபெல்டு 1891-இல் ஒருவகை நுண்மண்ணாற் குழல் செய்தார். நோபல் வெடிமருந்தை ஊறவைத்ததும் அவ்வகை மண்ணிலேதான். ஆனால் பேதி பரவிய அதே 1892-இல் ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றைச் சாம்பர்லாண்ட் குழலில் வடித்தும் அது நோய் பரப்பக் கண்டார். இக்காலத்தில் நாம் வைரஸ் என்பது அதுவே. எல்லாவற்றையும் தடுக்கும் வடிகட்டி இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கிருமியல்லாத விஷமும் உண்டு. அமெரிக்காவில் பிளிண்ட் என்னும் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க வேண்டி வேறோர் ஆற்றுநீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தத்திற் கலந்தது. 2015 அக்டோபரில்தான் பழைய நீருக்குத் திரும்பினர். ஈயத்திற்குக் காய்ச்சுதல் மருந்தன்று. நீர் ஆவியாக, ஈயம் மிஞ்சிச் செறியும்.

ஆகவே வடிகட்டி வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது, "எது சிறந்தது?" என்பதன்று, "என் நீரில் இருப்பது என்ன?" என்பதே. கிருமி என்று ஐயமிருப்பின், நன்றாகக் கொதிக்கவைத்தலே எளிய வழி. குளோரின் வாடையாயின் கரிவடிகட்டி போதும். ஈயமாயின், ஈயத்தை நீக்குமென்று சோதித்துச் சான்றளிக்கப்பட்ட வடிகட்டி வேண்டும். கரைந்த உப்புகளையும் நீக்க வல்லது நுண்சவ்வுக் கருவி. 1959-ஐ ஒட்டி அச்சவ்வை உருவாக்கிய இருவருள் ஒருவர் இந்தியரான சௌரிராஜன். எக்கருவியாயினும் உள்ளுறுப்பைக் காலத்தில் மாற்றாவிடில் கிருமிக்கு அதுவே வீடாகும்.

இனி அந்தத் துருநிறக் குவளைக்கு வருவோம். குழாய் நீரில் இயல்பாகவே சில உப்புகள் உண்டு. அவற்றின் வழியே மின்சாரம் பாயும். பாயவே இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். உப்பு நீங்கிய நீரிலோ மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. நாம் கண்ட சேறு குழாயிலிருந்து வந்ததன்று. விற்பவரின் கம்பியிலிருந்து வந்தது.

நண்பர் தவணைப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆயினும் எங்கள் நீர் தூயது என்று நான் அவருக்கு உறுதி சொல்லவில்லை. சோதியாமல் எவர் சொல்ல இயலும்? லயத்தார் அனைவரும் சேர்ந்து, தொட்டியைக் கழுவவும் நீரைச் சோதிக்கவும் வேண்டி ஒரு மனு எழுதினோம். எழுதியவன் நான்; முதற் கையெழுத்து அவருடையது. தொட்டி கழுவப்பட்டது. சோதனையின் முடிவை எதிர்பார்த்திருக்கிறோம். அதுவரை வீடுதோறும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.