வட்டின் மேல் பெயர் பொறித்த வரலாறு

ஒரு நூலைப் புரட்டினால் அஃது எதைப் பற்றியது என்பது உடனே விளங்கும். ஒலித்தட்டு அத்தகையதன்று. அதில் அடங்கியிருப்பது பாட்டா, சொற்பொழிவா, யாருடைய குரல் என்பதை மேலே உள்ள எழுத்தே கூற வேண்டும். அவ்வெழுத்தைப் பொறித்த முறைகளுக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு.

எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தொடக்ககாலத் தட்டுகளில் தாள் ஒட்டப்படவில்லை. பெயர்கள் தட்டின் நடுப்பகுதியிலேயே பொறிக்கப்பெற்றன. 1900-இல் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் நடுவில் தாள் ஒட்டும் வழக்கத்தைப் புகுத்தினார்.

பெயர் மாறிவிடுமோ என்னும் அச்சம் அக்காலத்தில் மிகுதி. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டுகளாக வார்க்கப்பெற்றன. அங்குள்ளோர் இன்னார் பாட்டு என அறியும் பொருட்டு, அம்மையார் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறினார். தாளில் ஏற வேண்டிய பெயரைக் குரலே சுமந்து சென்றது.

1982-இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. ஆலைகள் அதன் மேற்புறத்தில் திரையச்சு முறையில் பெயரைப் பதித்தன. 1988-இல் ஜப்பானின் தாயோ யூதன் நிறுவனம் பதிவு செய்யத்தக்க குறுந்தட்டை உருவாக்கியது. நாளடைவில் ஆலையின் பணி வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்தது. பெயர் எழுதும் பொறுப்பும் உடன் வந்தது.

அப்பொறுப்பு எளிதன்று. குறுந்தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர். ஒளிக்கதிர் கீழ்ப்புறத்துப் பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பதிவைப் படிக்கிறது. பிளாஸ்டிக்கின் மேலே சாயப் படலமும், உலோகப் படலமும், மெல்லிய மேற்பூச்சும் அமைந்துள்ளன. ஆதலின் பதிவுக்கு மிக அண்மையில் இருப்பது பெயர் எழுதும் பக்கமே. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவே சிதையலாம். ஒட்டிய தாளை உரித்தால் உலோகப் படலமும் உடன் உரியக்கூடும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2003-இல் வெளியிட்ட கையேடு, நெடுங்காலம் காக்க வேண்டிய தட்டுகளில் தாள் ஒட்டலாகாது என அறிவுறுத்தியது. கிராமபோன் தட்டுக்குப் பெயர் தந்த தாள், குறுந்தட்டுக்குப் பகையாயிற்று.

இச்சிக்கலுக்கு விடையாக வந்ததே, இங்க்ஜெட் என வழங்கும் மை தெளிக்கும் அச்சுப்பொறி. அதன் மைமுனை தட்டைத் தொடுவதில்லை, அழுத்தமும் இல்லை. எனினும் எல்லாப் பொறிகளும் இதற்கு உதவா. தாளை உருளையில் வளைத்து இழுக்கும் பொறியில் தட்டு நுழையாது; தட்டை நேராக ஏந்திச் செல்லும் தனித் தாங்கி வேண்டும். 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ வரிசைப் பொறிகள் சிலவற்றில் இத்தாங்கி அமைந்தது. அக்காலத்தில் கேனன் நிறுவனம் பிற நாடுகளில் தாங்கியுடன் விற்ற பொறிகள் சில, அமெரிக்காவில் தாங்கியின்றி விற்கப்பெற்றன. ஆகவே பொறியின் பெயரை மட்டும் நம்பாமல், தாங்கி உண்டா என நேரில் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

மையும் ஆராயத்தக்கது. நீரில் கரையும் சாய மை நிறம் பொலியும். ஈரம் பட்டால் கலையும். நுண்துகள் மை ஈரத்தை மேலும் தாங்கும். மழையும் புழுக்கமும் நிறைந்த நம் நாடுகளில் இவ்வேறுபாடு சிறிதன்று. தட்டும் மையை உறிஞ்சும் வெண்பூச்சு உடையதாக இருத்தல் வேண்டும்; பளபளக்கும் வெறும் தட்டில் மை நில்லாது.

இன்று கணினிகள் பலவற்றில் தட்டு நுழையும் வாயிலே இல்லை. ஆயினும் பள்ளி விழாக்களும், சான்றோர் உரைகளும், மறைந்தோர் குரல்களும் பழைய தட்டுகளில் இன்னும் உறங்குகின்றன. ஆண்டும் பெயரும் இல்லாத தட்டு, கேட்பாரற்றுக் குப்பைக்குச் செல்வது திண்ணம். குரலைக் காப்பது பதிவு. அப்பதிவைக் காப்பது அதன் மேல் பிழையின்றி நிற்கும் பெயரேயாகும்.