காத்திருப்பவள் பாடும் பாட்டு

டாங்கோ என்றால் நம்மில் பலருக்கு நடனம்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பாட்டும் உண்டு, முக்கால்வாசி புலம்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி, ஸ்பெயினிலிருந்து கப்பலேறி புவெனஸ் அயர்ஸில் வந்திறங்கிய கூட்டத்தின் நடுவே வளர்ந்த இசை. 1917-ல் கார்லோஸ் கார்தெல் பதிவு செய்த 'மி நோச்சே திரிஸ்தே'யில், காதலி விட்டுப்போன அறையில் ஒருவன் தனியாகக் கிடந்து அழுகிறான். பின்னால் வந்த பாட்டுகளில் பிரிந்த ஊரும் சேர்ந்துகொண்டது. சம்பளத்துக்காக ஊரை விட்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் கும்பகோணம் பக்கம். வங்கி மாற்றலில் திருவனந்தபுரம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. (பக்கத்து மாநிலம்தானே என்று துபாய், டொரண்டோ நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது.) எனக்கு வெகுகாலம் முன்பே இங்கே பிழைக்க வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உண்டு: தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள், 1834-ல் அவருக்குத் தந்தத்தில் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அந்த ராஜாவின் மலையாளப் பதங்களைக் கேட்டால் டாங்கோ நேர் தலைகீழாகத் தெரியும். டாங்கோவில் பெரும்பாலும் ஆண் தன் குரலிலேயே அழுகிறான். இங்கே அரசர் பெண்ணாகி, தோழியிடம் அழுகிறார். குறிஞ்சி ராகப் பதம் ஒன்றில் தலைவியின் கவலை இவ்வளவுதான்: பத்மநாபன் வரவில்லை, இனி என்ன செய்வேன்?

ஜீவாத்மா, பரமாத்மா என்று உடனே விளக்கம் சொல்லிவிடுவார்கள். இருக்கட்டும், நாயகன் பெயர் பத்மநாபன்தான். ஆனால் அந்த ஏக்கம் உடம்போடு இருக்கிற ஏக்கம். அதே அரசவையின் இரயிம்மன் தம்பி (1782-1856) எழுதிய ஒரு பதத்தில் தலைவி, கூடிக் களித்ததையே தோழியிடம் கூச்சமில்லாமல் சொல்கிறாள். தத்துவம் போர்த்தி இதையெல்லாம் மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்தத் தோழி நமக்குப் புதியவளும் இல்லை. சங்கப் பாலைப் பாட்டில் தலைவன் பொருள் தேடிப் போகிறான்; தலைவி தோழியோடு காத்திருக்கிறாள். இன்றைய பாஷையில், அவன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறான்! பதங்களின் நாயகனோ பலசமயம் இன்னொருத்தி வீட்டில் இருப்பான். பிரிவின் காரணம் மாறிவிட்டது. வாசலைப் பார்ப்பவள் மாறவில்லை.

போனவனின் தனிமையை நாம் நிறையவே பேசிவிட்டோம். ஊரில் இருப்பவள் தொலைபேசியில் "இங்கே எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாளே, அதற்குப் பிறகு தோழியிடம் என்ன சொல்வாள்? அதைத்தான் இந்தப் பதங்கள் பாடுகின்றன.

ராஜா முப்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் கட்டிய குதிரைமாளிகையில் ஜனவரி மாதம் அவர் பெயரில் சங்கீத விழா நடக்கும். பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாக இந்தப் பக்கம் இறங்கினால், பதம் பாடும்போது கேட்கலாம். மோகினியாட்டத்தோடு பார்த்தால் இன்னும் விசேஷம்.