அலமாரியில் இருந்தும் இல்லாத புத்தகங்கள்

சமீபத்தில் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் நாவல் பிரிவைத் தேர்ந்தெடுத்து ஒரு நாவலைத் தேடினேன். இல்லை என்று வந்தது. சரி, கிளம்பலாம் என்று திரும்பினால், அதே நாவல் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது! தலைப்பில் 'உப்பு' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் காரணம். பதிவு செய்தவர் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனா இதே விஷயம் ஒரு மக்கள் கூட்டத்தின் எல்லாப் புத்தகங்களுக்கும் நடந்தா? இன்னைக்கு அந்தக் கதைதான்.

1876இல் மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் ஒரு முறையை வெளியிட்டார். உலக அறிவு மொத்தத்தையும் பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். 811 என்றால் அமெரிக்கக் கவிதை. இன்றும் பல நாட்டு நூலகங்களில் இதுதான் நடைமுறை.

இப்போ வாஷிங்டனுக்குப் போவோம். அங்கே கறுப்பின மக்களின் கல்விக்குப் பெயர்பெற்றது ஹோவர்ட் பல்கலைக்கழகம். 1914இல் ஜெஸ்ஸி மூர்லேண்ட் என்பவர் கறுப்பின மக்கள் பற்றிய தன் சொந்தச் சேகரிப்பை, சுமார் 3,000 புத்தகங்களும் ஆவணங்களும், அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1930இல் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டோரதி போர்ட்டர் என்ற இளம் நூலகரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25.

மற்ற நூலகங்கள் எப்படி வகைப்படுத்துகின்றன என்று பார்த்தவருக்கு அதிர்ச்சி. கறுப்பினத்தவர் எழுதிய புத்தகமா? பெரும்பாலும் இரண்டே எண்கள்தான். 326, அதாவது அடிமைமுறை. இல்லைன்னா 325, அதாவது குடியேற்றம். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஒரு பெரிய கவிஞர். அவருடைய கவிதைப் புத்தகம்கூட பல நூலகங்களில் 325இல்தான் இருந்தது என்று போர்ட்டர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கவிதை படிக்க ஒரு மாணவர் வருகிறார். 811 அலமாரிக்குப் போகிறார். அங்கே ஒரு கறுப்பினக் கவிஞர்கூட இல்லை. 'இவங்க கவிதையே எழுதலை போல' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். கண்ணில் படாத புத்தகத்தை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத புத்தகத்துக்கு அடுத்த பிரதி வாங்க மாட்டார்கள். யாரும் எதையும் தடை செய்யவில்லை. ஒரு அட்டையில் எழுதிய மூன்று இலக்க எண்ணே போதுமானதாக இருந்தது.

போர்ட்டர் என்ன செய்தார்? அந்த இரண்டு எண்களுக்குள் எல்லாவற்றையும் அடைக்க மறுத்துவிட்டார். ஹோவர்டில் அவருக்கு முன்பு பட்டியல் வேலை பார்த்த பெண்கள் போட்ட அடித்தளத்தின் மேல், புத்தகங்களை இலக்கியம், இசை, கலை, வரலாறு, மானுடவியல் என்று அதனதன் துறையில், எழுதியவர் பெயரோடு வைத்தார். கவிஞர் கவிஞராகவே பட்டியலில் வந்தார். கையில் பெரிய பட்ஜெட் கிடையாது. பதிப்பாளர்களிடம் இலவசப் பிரதிகள் கேட்டு வாங்கிச் சேர்த்தார். 1973இல் ஓய்வு பெறும் வரை, 43 வருஷம் இதே வேலை. அந்தச் சேகரிப்புதான் இன்றைய மூர்லேண்ட்–ஸ்பிங்கார்ன் ஆய்வு மையம். கறுப்பின வரலாறு எழுதுகிற ஆய்வாளர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது.

அதே காலகட்டத்தில் நம்ம சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகத்தை அதற்குரிய வாசகரிடம் சேர்ப்பது நூலகத்தின் கடமை என்பது அதில் ஒன்று. போர்ட்டர் வாஷிங்டனில் அட்டை அட்டையாகச் செய்துகாட்டியதும் அதைத்தான்.

அடுத்த முறை தேடும்போது 'இல்லை' என்று வந்தால், உடனே கிளம்பிடாதீங்க. பக்கத்து அலமாரியையும் பாருங்க, நூலகரிடம் கேளுங்க. தப்பான இடத்தில் இருந்தால் சொல்லிட்டு வாங்க. நான் சொன்னேன். அந்த 'உப்பு' நாவல் இப்போது நாவல் அலமாரிக்கு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் போனேன், அங்கே இல்லை. யாரோ இரவல் எடுத்திருக்கிறார்கள்.