மாற்றுரைத்த காசும் மறைந்திருந்த வரலாறும்

பாகூர், வில்லியனூர் அன்பர்கள் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பணித்தனர். அன்புக் கட்டளை, தட்ட இயலுமா? மூலநாதர் கோயிற் சிறப்பும், திருக்காமீசர் தேரின் பெருமையும், வாகூர் வித்தியாத்தானத்துக்கு நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செப்பேட்டுச் செய்தியும் இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆதலின் நான் நெடுநாள் தோய்ந்த துறையாகிய பழங்காசு ஆய்வைப் பற்றிச் சில சொல்வேன்.

காசின் முகத்தில் இருப்பது அரசன் ஊரறியச் சொன்னது. அதன் உலோகத்தில் இருப்பது அவன் கருவூலத்தின் உண்மை நிலை. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிப் பொருளாதார வரலாறு விளங்காது.

அருளாளர் கண்ட மாற்று

இக்கருத்து மேனாட்டார் வந்து கற்பித்ததன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினார். அப்பர் பெற்ற காசு கடைத்தெருவில் உடனே செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கோ வணிகர் வாசி கேட்டனர். அதனால் அவர் மடத்தில் அடியார்க்கு அமுது படைக்கக் காலம் தாழ்ந்தது. சம்பந்தர் வாசி தீர வேண்டிப் பதிகம் பாட, அதன்பின் நற்காசு கிடைத்தது. பக்தர்க்கு இது திருவருள். காசு ஆய்வோர்க்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு: ஒரே ஊரில் ஒரே நாளில் மாற்றுக் குறைந்த காசும் நிறைந்த காசும் புழங்கின, வணிகர் அவற்றைப் பிரித்தறிந்து, குறைந்ததற்குத் தள்ளுபடி வாங்கினர்.

சுந்தரர் வரலாறு இன்னும் நுட்பமானது. திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இடுமுன் அவர் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். இறைவன் அருளால் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் அப்பொன்னை எடுத்ததும் அம்மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்றுக் குறைவைக் கண்டார்; பாடி நிறைவும் பெற்றார். அங்கே இன்றும் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார். மாதிரி எடுத்தல், ஒப்பிடல், சான்றளித்தல் என்று ஆய்வுக்கூடம் செய்யும் மூன்றையும் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டிலேயே முறைப்படச் சொல்லிவிட்டார்!

சங்கப் புலவருள் வண்ணக்கர் பலர் உண்டு. காசு நோட்டம் பார்ப்பது அவர் தொழில். இராசராசன் தஞ்சையில் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் பொன்னை நிறுத்தே கோயிலுக்கு அளித்தான்.

இன்றைய உரைகல்

பொன்னின் ஒப்படர்த்தி 19.3, வெள்ளியினுடையது 10.5, செம்பினுடையது ஏறத்தாழ 9. காசைக் காற்றிலும் நீரிலும் நிறுத்தால் பொன்னில் கலப்பு உண்டா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை காசுக்கு ஊறு செய்யாமல் அதிலுள்ள தனிமங்களைக் காட்டும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே காணும். மண்ணில் கிடந்த வெள்ளிக்காசின் மேற்புறத்தில் செம்பு அரித்துப்போக, வெள்ளி மிகுந்து தோன்றும். புச்சர், பான்டிங் என்னும் அறிஞர் இருவர் உரோமக் காசுகளில் நுண்துளையிட்டு உள் உலோகத்தை எடுத்து ஆராய்ந்தனர். கி.பி. 64-இல் நீரோ மன்னன் தினாரியத்தின் நிறையைக் குறைத்ததோடு, வெள்ளியையும் நூற்றுக்கு எண்பது அளவுக்கு இறக்கினான் என்று தெரிந்தது.

இனித் தமிழகத்தைப் பாருங்கள். இங்குக் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகசுத்தசு, திபேரியசு காலத்துப் பழைய நற்காசுகளே! 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளிவெட்டு உள்ளது. வெட்டியதன் காரணம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். யவனன் நீட்டியதையெல்லாம் நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை என்பது என் துணிபு.

நம் மண்

1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு நமக்கு அண்டையூர். யவன வணிகம் நம் ஆற்றங்கரையிலேயே நடந்தது. பின்னாளில் 1736-இல் துய்மா ஆளுநராக இருந்தபோது ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலி இசைவு தர, புதுச்சேரி அக்கசாலை ரூபாய் அடிக்கலாயிற்று. ஆனந்தரங்கர் நாட்குறிப்பும் அவ்வாண்டே தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் அடித்த செப்புத் துட்டின் ஒரு பக்கம் அல்லிப்பூ. மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழெழுத்து. புதுச்சேரி ரூபாயின் வெள்ளி எச்சுரங்கத்தது என்று ஈய ஓரிடத்தான் ஆய்வால் தேடலாம். இளைய ஆய்வாளர்க்கு உகந்த பொருள் இது.

அன்பர்களே! ஏரி தூர்வாரும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு கண்டால் புளியிட்டுத் துலக்காதீர். களிம்போடு சான்றும் போய்விடும். உருக்கவும் கொடாதீர். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்க. கல்வெட்டில் கழஞ்சுக் கணக்கைக் காத்த ஊரார்க்குக் காசைக் காப்பதும் கடமையே. மூலநாதர் திருவருள் முன்னிற்க!