கொழும்புக்கு நட்சத்திரம் வந்த வழி: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உணவகங்களை முன்வைத்து

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியது ஒரு டயர்க் கம்பனி. பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் கார் ஓட்டுவோருக்காக 1900இல் வெளியிட்ட வழிகாட்டி, 1926இல் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டது. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. இரண்டு பெற்ற கடைக்கு வழியை மாற்றிச் சுற்றிப் போகலாம். மூன்று பெற்றதற்காகவே ஊரிலிருந்து புறப்படலாம். டயர் தேய்ந்தால் கம்பனிக்கு லாபம்தானே! ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. நட்சத்திரம் தட்டில் வருவதற்கு மட்டும். மண்டபம், மேசைவிரிப்பு, உபசரிப்பு ஆகியவற்றுக்குக் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் குறுக்கிட்ட வேறொரு குறி. ருசியும் சௌகரியமும் ஒரே கணக்கில் சேரவில்லை.

இலங்கைக்கு நட்சத்திரம் வந்தது மறுபக்கத்தால், சௌகரியத்தின் வழியே. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்தது. 1968ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சுற்றுலா அபிவிருத்திச் சட்டம் தங்குமிடங்களை வகைப்படுத்த வழிசெய்தது. அங்கே அளக்கப்பட்டவை அறைகளும் வசதிகளும் சேவையும். கொழும்பில் ‘ஃபைவ் ஸ்டார்’ என்றால் காலிமுகத்திடல் பக்கத்துப் பெரிய கட்டடம் என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றியது. சோற்றுக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் இருக்கவில்லை.

அந்தக் காலமெல்லாம் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் சாப்பிட்டவர்கள் தரத்தை எப்படி அறிந்தார்கள்? முதல் சான்று பெயர்ப்பலகை. ‘சைவ உணவகம்’, ‘யாழ்’, ‘ஹலால்’ என்ற சொற்கள் சமையலறையைப் பற்றிய உத்தரவாதங்கள். அடுத்தது வாய்ச்சொல். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் இந்த இரு பகுதிகளிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. பின்னர் போரினால் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாக இங்குள்ள லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சமைக்க அடுப்பில்லாதவருக்கு எந்தக் கடையில் கை நிறையச் சோறு போடுவார்கள், எங்கே புட்டுக்குச் சொதி மறுபடி ஊற்றுவார்கள் என்பது பக்கத்து அறைக்காரர் சொல்லும் செய்தி. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினர். மேலும் வெளியேற்றுவதை மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அப்படிப்பட்ட நாட்களில் கடையொன்றின் ‘தரம்’ என்பதில் லொட்ஜிலிருந்து அது எத்தனை அடி தூரம் என்பதும் அடங்கும். நட்சத்திரக் கணக்கில் இந்த அளவுகோலுக்கு இடமில்லை.

2010களில் நிலைமை மாறியது. ‘யாமு’ என்ற ஆங்கிலத் தளம் கொழும்புக் கடைகளைத் தேடித் தேடி எழுதியது. கூகுளும் டிரிப் அட்வைசரும் புள்ளி போடும் வேலையை எல்லோர் கையிலும் கொடுத்தன. இங்கேதான் ருசி, சௌகரியம் என்ற இரண்டு கணக்குகளும் கலந்தன. ருசி, சேவை, இருக்கை, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் சேர்ந்து ஐந்துக்கு ஒரே எண். சைவக்கடையில் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்; எடுத்ததை எண்ணிப் பில் போடுவார்கள். முன்பின் தெரியாத ஆளையும் நம்பும் இந்த வழக்கம் பழகியவருக்குப் பெரிய உபசாரம். வெளியாளுக்கோ கேளாமலே கொண்டுவந்து வைத்த தட்டு. ஒரு நட்சத்திரம் குறையலாம். பழகியவரோ எழுதுவதே இல்லை. தினமும் சாப்பிடும் கடைக்கு யார் புள்ளி போடுவார்?

நட்சத்திரம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா 2011இல் சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதைக் காட்டினார். அந்தப் பலன் தனிக்கடைகளுக்கே கிடைத்தது. பெயர்பெற்ற சங்கிலி நிறுவனங்களுக்கு இல்லை. வெள்ளவத்தைக்கு இது பொருந்தக்கூடிய செய்தி. விளம்பரத்துக்குக் காசில்லாத ஒழுங்கைக் கடையை, விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த குடும்பம் கண்டுபிடிப்பது அந்த எண்ணால்தான். மறுபுறம், 2017இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை, இல்லாத உணவகமாகப் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே டிரிப் அட்வைசரில் அந்நகரின் முதலிடத்துக்குக் கொண்டுபோனதும் நடந்தது.

கடைகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடும் தரமும் உண்டு; அது அடுப்படிக்குள் போய்ப் பார்த்து இடப்படுவது. நட்சத்திரம் போடுபவர் அடுப்படியைக் காண்பதில்லை. 2018இல் ஊபர் ஈட்ஸ் என்ற உணவு விநியோகச் செயலி கொழும்புக்கு வந்தபின் கடையைக்கூடக் காணத் தேவையில்லாமல் போயிற்று. கல்லிலிருந்து எடுத்த நெய்த்தோசை பெட்டிக்குள் தன் ஆவியிலேயே வெந்து, காலி வீதி நெரிசலைக் கடந்து, துவண்டுபோய் வந்து சேர்கிறது. குறைவது தோசைக்காரரின் புள்ளி. பார்சலில் தாங்கும் கொத்துக்கும் பிரியாணிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே, தோசையைச் செயலியின் பட்டியலிலிருந்து நீக்கிக் கொத்தைச் சேர்ப்பதே கடைக்காரருக்கு லாபக் கணக்கு. சைவக்கடைகளின் உணவுப்பட்டியலை இந்த எண் எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதை, கடை கடையாகப் பழைய விலைப்பலகைகளோடு ஒப்பிட்டே ஆராய வேண்டும்.