ஒளியின் மறுபாதி: ஒரு தேடலின் வரலாறு

ஒளி ஓர் அலை. அலைக்கு இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, அதன் உயரம். மற்றொன்று, குறிப்பிட்ட கணத்தில் அது மேட்டில் நிற்கிறதா, பள்ளத்தில் நிற்கிறதா என்பது. இந்த இரண்டாவதைத்தான் நாம் வகுப்பில் ‘ஃபேஸ்’ என்று படித்தோம். பள்ளிப் புத்தகத்தில் இதன் பெயர் கட்டம். கண்ணுக்குத் தெரியும் ஒளி நொடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. அந்த வேகத்துக்குக் கண்ணும் ஈடுகொடுக்காது, ஃபிலிமும் கொடுக்காது. பிரகாசம் மட்டுமே பதிவாகும். கட்டம் போனது போனதுதான்.

போனால் போகட்டும்னு விட்டுவிடலாமா? 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் எக்ஸ்ரே படிகவியலில் ஒரு வேடிக்கையைக் காட்டினார்கள். ஒரு படிகத்தின் அலை உயரங்களோடு வேறொன்றின் கட்டங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், கிடைக்கும் படம் கட்டம் கொடுத்ததன் சாயலிலேயே இருக்கிறது! சரக்கு முழுக்கக் கட்டத்தில்தான் என்று சொல்லலாம்.

கட்டத்தைப் பிடிக்க முன்பே வழிகள் இருந்தன. ஜெர்னிகே, கட்ட வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடாக மாற்றும் நுண்ணோக்கியைத் தந்து 1953-ல் நோபல் பெற்றார். 1948-ல் கேபர் ஹாலோகிராஃபியைக் கண்டுபிடித்து 1971-ல் நோபல் பெற்றார். இரண்டுக்கும் படம் எடுக்கும்போதே தனி ஏற்பாடு வேண்டும். வெறும் பிரகாசத்தை வைத்து, பிறகு கணக்குப் போட்டுக் கட்டத்தை மீட்க முடியுமா?

1972-ல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் வழி சொன்னார்கள். ஒரே பொருளின் பிம்பம் ஒன்று, விளிம்பு விளைவுப் படம் ஒன்று, ஆக இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு ஏதோ ஓர் ஊகம் வைத்து ஃபூரியே மாற்றம் செய்யுங்கள். வந்த கட்டத்தை வைத்துக்கொண்டு, உயரத்துக்குப் பதில் அளந்த பிரகாசத்தின் வர்க்கமூலத்தைப் போடுங்கள். திரும்பி வாருங்கள், அங்கும் அதே வேலை. ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறையும், கூடாது. ஆனால் சில சமயம் பாதியில் நின்றுபோகும். அதைத் தாண்டும் உத்திகளை ஃபீனப் 1978 முதல் வெளியிட்டார்.

இந்தக் கணக்குக்குப் பெரிய சோதனை 1990-ல் வந்தது. அந்த ஏப்ரலில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கி மங்கலான படம் அனுப்பியது. 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடிப் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான்! திருத்தும் ஆடிகளை அனுப்பலாம். ஆனால் ‘பவர்’ எவ்வளவு? கண்ணாடிக்கு நம்பர் தப்பாகப் போட்டால் பார்வை இன்னும் கெடும். ஆடியோ விண்வெளியில், கழற்றி அளக்க முடியாது.

இரண்டு வழிகளில் விடை தேடினார்கள். ஆடியைச் சோதித்த கருவி பூமியிலேயே இருந்தது. அதில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்ததை அளந்தார்கள். இன்னொரு பக்கம், ஃபோகஸை வேண்டுமென்றே மாற்றி எடுத்த நட்சத்திரப் படங்களிலிருந்து, ஃபீனப் உள்பட பல குழுவினர் கட்டத்தை மீட்டு ஆடியின் பிழையைக் கணக்கிட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்தன. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்த் திருத்தக் கருவிகளைப் பொருத்தினார்கள், படம் தெளிந்தது.

2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகளை நேர்ப்படுத்தியதிலும் இதே முறைக்குப் பங்குண்டு.

மாணவத் தம்பி, தங்கைகளே! ஃபூரியே பாடம் செமஸ்டரோடு தீர்ந்துபோகவில்லை. கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் கணக்கு இருபது வரி புரோகிராம்தான். லேபில் ஒரு மாலைப்பொழுது ஒதுக்கிப் போட்டுப் பாருங்களேன்.